ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள்

ஒரு ஸ்தாபனம் தன் படிப்புகளுக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்துவிட்டால், கல்விக்கும் அதை நாடி நிற்பவளுக்கும் இடையே கிடந்த பெருந்தடை விலகிவிட்டதாக நம் மனம் உடனே ஆறுதல் கொள்கிறது. சம்பளம் கட்ட வழியின்றிப் பாதியில் படிப்பை விட்டவர்கள் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆகவே அந்த ஆறுதலில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், பிறந்த தேசத்தை இழந்து, வேறொரு தேசத்தின் எல்லையோரத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் விஷயத்தில், படிப்புக்காக அவள் கொடுக்க வேண்டியிருக்கும் விலையில் கட்டணம் மிகச் சொற்பமான பகுதி என்றே நான் கருதுகிறேன். அகதிப் பெண்களுக்கான இலவச இணையக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இந்தச் சொற்பமான பகுதியையே பெரிதாகச் சொல்லுகிறார்கள். மிச்சமெல்லாம் யார் கணக்கிலும் ஏறாமல் அவள் தலையிலேயே தங்கிவிடுகிறது.

கென்யாவின் வடகிழக்கே, கரிஸா மாவட்டத்தின் வறண்ட முட்காட்டில், தாதாப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1991இல் சோமாலியாவில் அரசு குலைந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்காக அந்தச் சிற்றூரைச் சுற்றி இஃபோ, தாகஹலே, ஹகதெரா என்ற முகாம்கள் எழுந்தன. சுமார் 90,000 பேருக்கென்று வகுக்கப்பட்ட அந்த இடத்தில், 2011ஆம் ஆண்டின் பஞ்சத்தின்போது நாலரை லட்சம் பேர் வரை நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சில காலம் தங்குவதற்கென்று முள்வேலியும் தகரமும் தார்ப்பாயும் கொண்டு அமைத்த குடில்களில் இன்று மூன்றாம் தலைமுறை பிறந்து வளர்கிறது. அகதிகளை முகாம்களுக்குள்ளேயே வைத்திருப்பதைக் கென்ய அரசு நெடுங்காலம் தன் கொள்கையாகக் கொண்டிருந்தபடியால், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவர் நைரோபிக்குப் பஸ் ஏறிப் போய்விட முடியாது. பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கும் அதே விதிதான்.

அப்படிப்பட்ட இடத்தில், மாணவி பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக இயலாதென்றால், பல்கலைக்கழகம்தான் அவளைத் தேடி வரவேண்டும். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த வெனோனா ஜைல்ஸ் முதலானோரின் முயற்சியால், அகதிகளுக்கான எல்லையற்ற உயர்கல்வி என்ற பொருள்படும் பெயருடன் ஒரு திட்டம் 2013இல் தாதாபில் தொடங்கியது. கனடாவிலிருந்து யார்க்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவும், கென்யாவிலிருந்து கென்யாட்டா, மோய் என்ற இரு பல்கலைக்கழகங்களும் அதில் கைகோத்தன. இணையம் அங்கே புதுமைக்காக வந்து சேரவில்லை. 2011 அக்டோபரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைச் சேர்ந்த இரு ஸ்பானியப் பெண்கள் தாதாப் முகாமிலிருந்து கடத்தப்பட்டார்கள். அதன்பின் வெளிநாட்டார் அங்கே வந்து தங்கிப் பாடம் நடத்துவது அரிதாயிற்று. 2015 ஏப்ரலில் கரிஸா நகரில் மோய் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்குள் புகுந்த கொலைஞர்கள் 148 உயிர்களைப் பலிகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ஆசிரியர் வர அஞ்சுகிற, மாணவி வெளியே போக அனுமதியில்லாத இடத்தில், இருவருக்கும் இடையே எஞ்சியிருந்த ஒரே பாதை கம்பியில்லாத அந்தப் பாதைதான்.

அந்தத் திட்டத்தின் அமைப்பில் என்னைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. நான்கு வருஷங்கள் தொடர்ந்து படித்தால்தான் பட்டம், இடையில் விட்டால் ஒன்றுமில்லை என்ற நமது வழக்கத்தை விட்டு, முதலில் ஒரு சான்றிதழ், அதன்மேல் ஒரு பட்டயம், அதன்மேல் பட்டம் என்று படிப்படியாக அதை வகுத்தார்கள். அகதியின் வாழ்வில் நாளை என்பது நிச்சயமில்லாத ஒன்று. ஒருத்திக்கு வேறு தேசத்தில் குடியேறும் வாய்ப்பு திடீரென வரலாம். 2013இல் கென்யாவும் சோமாலியாவும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகமையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மற்றொருத்தியின் குடும்பம் ஊர் திரும்ப முடிவு செய்யலாம். 2016இல் அறிவித்ததுபோல் அரசு முகாமையே மூடப்போவதாகச் சொல்லலாம். (அடுத்த ஆண்டு கென்ய உயர்நீதிமன்றம் அந்த முடிவு செல்லாதென்று தீர்ப்பளித்தது.) எந்தக் கட்டத்தில் அவள் எழுந்து போக நேர்ந்தாலும், அதுவரை படித்ததற்கு அத்தாட்சியாக ஒரு காகிதம் அவள் கையில் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் அகதியின் நிலையை உள்ளபடி அறிந்தவர்கள்.

இத்தனை செய்தும், அந்த வகுப்புகளில் ஆண்களே மிகுதியாக இருந்தார்கள். இதற்குக் காரணம் பல்கலைக்கழகத்தின் வாசலில் இல்லை. அதற்கு வெகுதூரம் முன்னால், ஒன்பது பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குழாயடியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பவள் பெண் குழந்தை. அருகில் உள்ள மரங்கள் ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டுப் போக, விறகுக்காக முகாமை விட்டு மேலும் மேலும் தூரம் நடக்க வேண்டியவளும் அவள்தான். அந்த முட்காட்டில் விறகு பொறுக்கப் போன பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளான கொடுமை 1990களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பங்கீடு வாங்குமிடத்தில் வெயிலில் நிற்பது, கைக்குழந்தையைப் பார்ப்பது, நோயாளியைக் கவனிப்பது எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் பள்ளிக்கூடம். பூப்பெய்தியபின் கல்யாணப் பேச்சு. தேர்வு எழுதும் காலம் வரை நிலைத்திருக்கும் பெண்கள் மிகச் சிலர். அவர்களும் தங்கள் சகோதரர்களைவிடக் குறைந்த நேரமே புத்தகத்தைத் திறந்தவர்கள். கென்யாவின் மற்றொரு பெரிய முகாமான ககுமாவில் பெண்களுக்கென்று விடுதியோடு கூடிய பள்ளிகளை ஏற்படுத்தியவர்கள் இந்த உண்மையைக் கண்டுகொண்டார்கள் என்று எண்ணுகிறேன். விடுதி ஒரு பெண்ணுக்குத் தருவது கட்டிலும் உணவும் மட்டுமல்ல. யாரும் வந்து ‘எழுந்து போய் இதைச் செய்’ என்று சொல்ல முடியாத மாலைப்பொழுதை அது தருகிறது.

இணையவழிக் கல்வி அந்த மாலைப்பொழுதைத் தருவதில்லை. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்பதை அதன் தனிச்சிறப்பாகச் சொல்லுகிறார்கள். பெண்ணுக்கோ வீடுதான் வேலைக்களம். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு மாணவி, ஒற்றை அறைக் குடிலில், மாமியாரும் மைத்துனரும் இருக்கும் இடத்தில், புவியியல் பாடம் ஒன்றைப் படிக்க உட்காருவதை நினைத்துப் பார்க்கலாம். அவளுடைய செல்பேசி அநேகமாக அவளுக்கு மட்டும் உரியதாக இராது. கணவன் வெளியே எடுத்துப்போயிருந்தால் அவன் வரும்வரை பாடமும் வராது. மின்சாரம் முகாமின் தனியார் ஜெனரேட்டர்காரர்களிடம் விலைக்கு வாங்குவது. அதற்கு வழியில்லாதவள் காசு கொடுத்துக் கடையில் சார்ஜ் போட்டுவரவேண்டும். டேட்டா தீர்ந்தால் மறுபடி காசு. ஆசிரியர் அனுப்பும் காணொளி பாதியில் நின்றுபோகும். ஆகவே அவர் எழுத்தாகவும் குரல் பதிவாகவும் வாட்ஸாப்பில் அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாணவி தன் கட்டுரையைத் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எல்லோரும் உறங்கி அலைவரிசையில் நெரிசல் குறைந்தபின் அனுப்ப வேண்டியிருக்கிறது. காலையில் தண்ணீருக்கு எழ வேண்டியவள் அவள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

2015ஆம் ஆண்டு சிரியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்டபோது, இணையத்தில் குவிந்துகிடக்கும் பாடங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டாலே போதும் என்றொரு உற்சாகம் எழுந்தது. பெர்லினில் கீரோன் என்ற ஸ்தாபனம் தோன்றியது. முதல் இரண்டாண்டுகளை இணையத்தில் இலவசமாகப் படித்துவிட்டுப் பிறகு நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பது அதன் ஏற்பாடு. மறு வருஷம் கோர்ஸெரா நிறுவனமும் அகதிகளுக்குத் தன் பாடங்களை இலவசமாக்கிற்று. அதற்கு முன்பே, 2009இல், ஷாய் ரெஷெப் என்பவர் பயிற்றுக் கட்டணமே இல்லாத மக்கள் பல்கலைக்கழகத்தை இணையத்தில் நிறுவியிருந்தார். ஓடிவந்தபோது சான்றிதழ்களை எடுத்துவர முடியாமற்போனவர்களுக்கும் அங்கே இடம் தந்தார்கள் என்பது பெரிய புண்ணியம். இந்த முயற்சிகளால் பயனடைந்தவர்கள் உண்டு. அவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், கோடிக்கணக்கானோருக்குத் திறந்துவிடப்பட்ட இத்தகைய பாடங்களில் பெயர் பதிந்துகொள்பவர் பலர், முடிப்பவர் மிகச் சிலர் என்பது சௌகரியமான வீட்டில் மேசை நாற்காலியோடு படிப்பவர்கள் விஷயத்திலேயே கண்ட உண்மை. மேசையும் இல்லாதவள் பாதியில் நின்றுவிட்டால், அவள் நின்றுவிட்டாள் என்பதைக்கூட அந்த ஏற்பாட்டில் யாரும் அறிவதில்லை. கணினியில் ஓர் எண் அசையாமல் இருக்கும், அவ்வளவே.

தொலைவிலிருந்து பெண்களுக்குக் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்கு, இணையம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நல்ல விடை கண்ட ஓர் அம்மையார் இருந்தார். பாஸ்டன் நகரத்து அன்னா எலியட் டிக்னர் 1873இல் வீட்டிலிருந்தே படிப்பதை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். பெண்களுக்குக் கல்லூரி வாசல்கள் மெல்லத் திறந்துகொண்டிருந்த காலம். திருமணமாகி வீட்டில் அடைபட்டவர்களுக்கும் கிராமங்களில் தனித்திருந்தவர்களுக்கும் அந்த வாசல்களால் பயனில்லை. சொற்பமான ஆண்டுச் சந்தாவைப் பெற்றுக்கொண்டு, அந்தச் சங்கம் சரித்திரம், விஞ்ஞானம், இலக்கியம், கலை ஆகிய துறைகளில் பாடத்திட்டம் வகுத்து, புத்தகங்களைத் தபாலில் இரவலாக அனுப்பிவைத்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, ஒவ்வொரு மாணவிக்கும் அவளோடு கடிதம் எழுதிக்கொள்ள ஒரு பெண்மணியை அது நியமித்ததைத்தான். மாதந்தோறும் மாணவி தான் படித்ததை எழுதுவாள். ஊதியம் பெறாத அந்த ஆசிரியை பதில் எழுதுவார். இருபத்துநாலு ஆண்டுகளில் சுமார் 7,000 பெண்கள் அவ்வாறு படித்தார்கள். டிக்னர் அம்மையார் மறைந்ததும், அடுத்த வருஷம், 1897இல், சங்கமும் முடிவுற்றது. பாடத்தைத் தபாலில் அனுப்புவது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. கடிதம் வராவிட்டால் கவலைப்பட ஒருவரை ஏற்படுத்தவேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றுவதில்லை.

தாதாபிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று அறியும்போது மனம் நிறைகிறது. அங்குள்ள பெண்கள் உயர்கல்விக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதை ஆராய்ந்த நெகின் தாஹ்யாவும் சாரா டிரைடன்-பீட்டர்சனும், செல்பேசியின் வாயிலாக அவர்களுக்குக் கிட்டிய மனிதத் துணையே பெரிய பலமாக இருந்ததென்று கண்டார்கள். கனடாவில் குடியேறிவிட்ட பழைய தோழி ஒருத்தி, முகாமிலேயே கூடப் படிக்கும் மற்றொருத்தி, தொலைதூர ஆசிரியர், முன்பே அந்தப் பாதையில் போன உறவினர் என்று இவர்களோடு ஓயாமல் நடந்த பேச்சுதான் படிப்பைத் தாங்கி நிறுத்தியது. ஒரே கருவி அயலாரின் பாடத்தையும் கொண்டுவருகிறது, ‘ஏன் இரண்டு நாளாகக் காணோம், குழந்தைக்குக் காய்ச்சலா’ என்ற விசாரிப்பையும் கொண்டுவருகிறது. திட்டம் வகுப்பவர்கள் முன்னதற்கே பணம் ஒதுக்குகிறார்கள். பின்னது பெண்கள் தாமாகவே ஒருவருக்கொருவர் செய்துகொள்வது.

முகாமில் வாழ்பவர்கள் எண்ணப்படுவதற்குப் பழகியவர்கள். பங்கீட்டுக்குக் கைரேகை, கணக்கெடுப்புக்கு வரிசை, அட்டைக்குப் படம். இதை அறிய நாம் ஆப்பிரிக்கா வரை போகவேண்டியதில்லை. 1983க்குப் பின் இராமேசுவரத்தில் வந்திறங்கி, மண்டபம் வழியாகத் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பரவிய ஈழத்துக் குடும்பங்கள், ‘ரோல்கால்’ என்ற சொல்லைத் தம் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கின்றன. வெளியூரில் பெயிண்டடிக்கப் போனவரும் அன்றைக்குத் திரும்பி வந்து அதிகாரியின் முன் நிற்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் கூப்பிடுவது உதவித்தொகைக்காகவும் காவலுக்காகவும். அதே முகாம்களில் வேறு வகையாகப் பெயர் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்திற்று. கற்பித்தவர்கள் பெரும்பாலும் அந்த முகாமிலேயே சற்று முன்னால் படித்து முடித்த அக்காமாரும் அண்ணாமாரும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரவில்லையென்றால், அந்த அக்கா நாலு வீடு தள்ளிப் போய் அவள் தாயிடம் கேட்டுவிட முடியும். இணையத்தின் வழியே கல்வி தர முன்வரும் எவரும் அந்த அக்காவுக்கு நிகரான ஒருவரைத் தம் ஏற்பாட்டுக்குள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

திரையை நான் இகழ்வதாக யாரும் கொள்ளலாகாது. தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்த 2021 ஆகஸ்டுக்குப் பின் ஆப்கன் பெண்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அதை இகழ மாட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் இல்லையென்றாயிற்று. 2024 டிசம்பரில் தாதிமாருக்கும் மருத்துவச்சிகளுக்குமான பயிற்சியும் நின்றது. ஊரிலேயே இருந்துகொண்டு அகதியாக்கப்பட்டவர்கள் அவர்கள். ஓடிப்போனவர்களின் நிலையும் மேலானதன்று. பாகிஸ்தானில் 2023 இறுதியிலிருந்தும், ஈரானில் 2025இல் பெருமளவிலும், ஆப்கானியர்கள் திருப்பியனுப்பப்பட்டதில், அங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பள்ளியே இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாரிஸிலிருந்து ஒளிபரப்பாகும் பேகம் தொலைக்காட்சி பள்ளிப் பாடங்களை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ஷபானா பாஸிஜ்-ராஸிக் தம் மாணவிகளோடு ருவாண்டாவுக்குப் பெயர்த்த சோலா பள்ளி, உள்ளூரிலிருக்கும் பெண்களுக்கு வாட்ஸாப் வழியாகக் கற்பிக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் ஆப்கானிஸ்தான் முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்ட இரண்டு நாட்களில், அந்தப் பெண்களின் வகுப்பறைகளும் ஒருசேர இருண்டன. திரையைத் தவிர வேறு கதவே இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அதைப் பறிப்பவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

உலகத்து அகதிகளில் உயர்கல்வி பெறும் வயதினருள் நூற்றுக்கு ஒருவரே அதை எட்டினார்கள் என்ற நிலை மாறி, 2023இல் நூற்றுக்கு ஏழு பேர் என்றாகியிருப்பதாக ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகமை சொல்கிறது. 2030க்குள் பதினைந்து பேர் என்பது அவர்களுடைய இலக்கு. அகதியாக வாழ்ந்த ஐன்ஸ்டைனின் பெயரில் ஜெர்மனி 1992 முதல் வழங்கிவரும் உதவித்தொகையும், ககுமாவில் 2010இல் யேசு சபையார் தொடங்கிய இணையக் கல்வியும், தாதாபின் திட்டமும் அந்த ஏற்றத்தில் பங்குள்ளவை. ஆனால் 2025இல் அமெரிக்க அரசு தன் உதவி நிதியை வெட்டியதும் ககுமாவில் உணவுப் பங்கீடு மிகவும் சுருங்கி, மக்கள் தெருவில் இறங்கி முறையிட நேர்ந்தது. பசித்த வீட்டில் முதலில் விற்கக் கிடைப்பது செல்பேசி; முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்பு. பாடம் அப்போதும் இலவசமாகவே இருக்கும்.

படித்து முடித்தவளின் விஷயம் இன்னொன்று. தாதாபில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பட்டமும் வாங்கிய பெண், தன் முகாமின் ஆரம்பப் பள்ளியில், நூறு குழந்தைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் அறையில் பாடம் சொல்லுகிறாள். அவளைப் பார்த்துத்தான் அந்த அறையிலுள்ள சிறுமிகளின் தாய்மார் ‘இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்’ என்கிறார்கள். எந்த இணையத் திட்டமும் இதற்கு மேலான பிரசாரம் செய்துவிட முடியாது. அவள் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. அகதி என்பதால் அவள் ‘இன்சென்டிவ்’ ஆசிரியை. அடுத்த அறையில் அதே வகுப்பை எடுக்கும் கென்யக் குடிமகனின் ஊதியத்தில் ஒரு சிறு பங்குதான் அவளுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை. 2021இல் கென்யா நிறைவேற்றிய அகதிகள் சட்டம் வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. 2025 மார்ச்சில் அறிவித்த ஷிரிகா திட்டம் முகாம்களை ஊர்களாக மாற்றி, அகதிகளையும் உள்ளூராரையும் ஒன்றாக வாழவைக்கப்போவதாகச் சொல்கிறது. அந்த அறிவிப்புக்குப் பணம் தருகிற தேசங்களும், பட்டமளிப்பு விழாவுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிற பல்கலைக்கழகங்களும், இந்த ஆசிரியைக்கு முழுச் சம்பளம் கொடுக்கும் தேதியை எழுதித் தருமாறு நைரோபியைக் கேட்க வேண்டும். கேட்டு, அந்தத் தேதி வரும்வரை மாதந்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.